உறுதி சொன்னவர்

"நீங்கள் செய்திருப்பது தப்பு" என்று ஒருவரிடம் அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அதுதான் என் பிழைப்பு. லூன் என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. எங்கள் கனடா ஏரிகளில் பொழுது சாயும்போது பேய் பிடித்ததுபோல் கத்துமே, அந்தப் பறவையின் பெயர். அந்த மொழியில் எழுதிய நிரலை வாங்கிப் படித்து, சரிபார்த்து, இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அந்தக் கம்பைலரைத்தான் நாங்கள் சிலபேர் கிச்சனர் நகரில், ஒரு பழைய பொத்தான் தொழிற்சாலையின் மேல்மாடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தோம். எழுதியவர் எங்காவது பிசகினால் கம்பைலர் நின்று ஒரு வாக்கியம் சொல்லும். அந்த வாக்கியங்களை எழுதுகிறவள் நோரா வீபர், அதாவது நான். உலகம் முழுக்க ஆட்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், என் பெயர் தெரியாமல். பெயர் தெரியாமல் திட்டு வாங்குவது எவ்வளவு பெரிய சுகம் என்பது டிபோருக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

டிபோர் லகடோஷ் என் எதிர் மேசைக்காரர். ஐம்பதைத் தாண்டி வெகுநாளானவர். வெல்லண்ட் இரும்பாலையில் உழைத்த ஒரு ஹங்கேரிக்காரரின் மகன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை, பனியோ வெயிலோ பஸ்ஸில்தான் வருவார். கம்பைலரின் வகைச் சோதனை முழுக்க அவர் கைவேலை. வகைச் சோதனை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. இது எண், இது பெயர், இது தேதி என்று நிரலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. தேதி வரவேண்டிய இடத்தில் பெயர் வந்து உட்கார்ந்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே பிடித்து நிறுத்துவது அது. வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி.

"கம்பைலர் 'சரி'ன்னு சொன்னா சரியா இருக்கணும் நோரா" என்பார். "இல்லேன்னா அது எதுக்கு வாயைத் திறக்கணும்?"

ஆனால் சில இடங்களில் கம்பைலரின் புத்திக்கு எட்டாதது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கும். அங்கே 'உறுதி' என்று ஒரு சொல்லைப் போட்டால் கம்பைலர் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். எல்லா மொழியிலும் இப்படி ஒரு பின்வாசல் உண்டு. எங்கள் மொழியில் மட்டும் ஒரு கூடுதல் விதி: உறுதி என்று போட்டால் பக்கத்தில், எங்கள் இணையதளத்தில் பதிவு செய்த ஒரு ஆளின் பெயரையும் போட்டாக வேண்டும். அந்த உறுதி பொய்த்துப்போனால், நிரல் பாதியில் நின்று அந்தப் பெயரைத் திரையில் காட்டும். இது டிபோர் சண்டை போட்டு வாங்கிய விதி. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

"பேர் சொல்லாத சாட்சி சாட்சியா? அது வதந்தி" என்றார்.

எங்கள் குழுத் தலைவர் பிளேர் மக்நாப் தலையைச் சொறிந்துகொண்டு, "ரொம்பக் கறாரா இருக்கே" என்றார்.

"இருக்கட்டும். பொய் சாட்சி சொல்றவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேணும்."

எங்கள் கம்பைலரே லூன் மொழியில் எழுதியதுதான். அதற்குள் பிளேர் பெயரில் உறுதிகள் குவிந்து கிடக்கும். என் பெயரிலும் கொஞ்சம் உண்டு. டிபோர் பெயரில் ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய பிறந்தநாள் ஏப்ரலில் வரும். ஒவ்வொரு வருடமும் கேக்கின்மேல் வயதுக்கான மெழுகுவர்த்தி வைக்காமல், பூஜ்யம் வடிவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி வைப்போம். அவர் அதை ஊதி அணைத்துவிட்டு, கழுவித் துடைத்து, அடுத்த வருடத்துக்கென்று மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்துவார். அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய பதக்கம் வேண்டியிருக்கவில்லை.

அந்த ஜனவரியில்தான் ஓட்டை தெரிந்தது.

லூன் மொழியின் முதல் முழுப் பதிப்பு கோடையில் வர இருந்தது. அதற்கு மார்ச் முடிவில் கதவைச் சாத்திவிடுவோம், பிறகு எதையும் மாற்ற முடியாது. முழுப் பதிப்போடு ஊருக்கெல்லாம் ஒரு வாக்கும் கொடுத்திருந்தோம்: இன்றைக்கு ஓடுகிற நிரல் என்றைக்கும் ஓடும். நாங்கள் கொடுத்த வாக்கு எங்களுக்கே கழுத்துச் சுருக்கு என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை டிபோர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் மேசையருகே வந்து நின்றார்.

"சனிக்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். ஆப்பிள் பெட்டி அடுக்கியிருந்தான். பார்த்ததும் ஒண்ணும் வாங்காம வீட்டுக்குத் திரும்பிட்டேன்" என்றார்.

"ஆப்பிள் பார்த்து வீட்டுக்கு ஓடறவரை இப்பதான் பார்க்கறேன்."

"கேளு. பழப்பெட்டின்னு ஒரு வகை. அதோட பிள்ளை ஆப்பிள் பெட்டி. தாய் போற இடத்துக்கெல்லாம் பிள்ளையும் போகலாம்னு விதி வெச்சிருக்கோம் இல்லையா? பழப்பெட்டி கேக்கறவன் கையில ஆப்பிள் பெட்டியைக் குடுக்கறோம். கம்பைலர் சரின்னு சொல்லுது. அவன் அதை வெறும் பழப்பெட்டின்னு நெனச்சு உள்ள ஒரு பேரிக்காயைப் போடறான். பழம்தானே, கம்பைலர் அதுக்கும் சரின்னு சொல்லுது. பெட்டி திரும்பி வருது. சொந்தக்காரன் ஆப்பிள்னு நம்பிக் கையை விடறான்."

"பேரிக்காய் வருது" என்றேன்.

"பேரிக்காய் வருது. ரெண்டு தடவை சரின்னு சொல்லியிருக்கோம். ரெண்டும் சேர்ந்து பொய்."

அது ஆரம்ப காலத்தில், டிபோர் சேருவதற்கு முன்பே, வசதிக்காக விட்ட தளர்வு. வகைச் சோதனையை அவர் அந்த அஸ்திவாரத்தின்மேல்தான் கட்டியிருந்தார். இத்தனை வருடம் அவர் கண்ணில் படாமல் இருந்ததுதான் அவரைத் தின்றது. பேரிக்காய் வந்தால் நிரல் நிற்கக்கூட நிற்காது. தப்பான விடையை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். மார்ச்சுக்குள் அடைக்காவிட்டால், கொடுத்த வாக்கின்படி அந்த ஓட்டை லூன் இருக்கும்வரை இருக்கும்.

அடைப்பதற்கான சோதனையை டிபோர் ஒரு வாரத்தில் எழுதிவிட்டார். அழகான வேலை. நானும் அதற்கு நல்லதாக ஒரு வாக்கியம் எழுதினேன். அடுத்தது பெரிய ஓட்டம். கம்பைலரை இறுக்குவதற்கு முன்னால், உலகத்தில் வெளியிட்டிருக்கும் லூன் நிரல்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து புதிய கம்பைலரில் ஓட்டிப் பார்ப்போம். எவை தேறவில்லையோ அவை சிவப்பாக வரும். அதற்கும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: உடைத்தவரே ஒட்ட வேண்டும். யாருடைய மாற்றத்தால் ஊரார் நிரல் உடைகிறதோ, அவர்தான் அந்தந்த நிரலின் சொந்தக்காரருக்கு எழுதி, திருத்தமும் செய்து கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு உடையும்போது நல்ல வழக்கம்தான்.

வார இறுதி முழுக்க ஓடி முடித்ததும் திரையைப் பார்த்தோம். மேலிருந்து கீழே சிவப்பு. உருட்ட உருட்ட சிவப்பு.

"தக்காளித் தோட்டம் போட்ட மாதிரி இருக்கே" என்றார் பிளேர். யாரும் சிரிக்கவில்லை.

பிளேர் கெட்டவர் இல்லை. குளிர்காலத்தில் வாரம் தவறாமல் கர்லிங் ஆடப் போவார். பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு, அது தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிற ஆட்டம். அவர் எங்களை நடத்தியதும் அதே மாதிரிதான்.

"டிபோர், நீங்க சொல்றது சரிதான், நான் மறுக்கலை. ஆனா இவ்வளவு சிவப்போட என்னால கதவைச் சாத்த முடியாது. டொரொன்டோவுல பணம் குடுக்கறவங்க என்னை உரிச்சுடுவாங்க. சிவப்பு போகணும். போகலைன்னா இந்தச் சோதனை உள்ள வராது" என்றார்.

"இப்ப வராட்டி எப்பவும் வராது பிளேர்."

"தெரியும்."

டிபோர் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும், அவருடைய நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு, எங்கே பேரிக்காய் நுழையலாம் என்று காட்டி, திருத்தமும் இணைத்து ஒரு கடிதம். பிப்ரவரி முழுக்க அதே வேலை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கமாட்டார். அவர் தங்கை செய்து அனுப்பும் கசகசா ரொட்டியைக் கடித்துக்கொண்டே தட்டச்சு செய்வார், விசைப்பலகை முழுக்கக் கருப்புப் புள்ளிகளாகக் கிடக்கும்.

பதில் வந்ததே கொஞ்சம். வந்தவையும் படிக்கிற மாதிரி இல்லை. 'பத்து வருஷமா ஓடுது, நீ யாரு கேக்க?' என்று ஒருவர். 'உங்க கம்பைலர், உங்க தலைவலி' என்று இன்னொருவர். ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல் எங்கள் நிரலைத் தொடாதே என்று எழுதினார். சாஸ்கடூனிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்ததை டிபோர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'என் தம்பி போன வருஷம் போய்ட்டான். இந்த மெயிலுக்கு வர்றதை நான்தான் பார்க்கறேன். நீங்க எழுதினதுல அவன் தப்பு பண்ணிட்டான்னு புரியுது. நான் எந்தப் பட்டனை அழுத்தணும்னு சொல்லுங்க.'

"இதுக்கு என்னன்னு பதில் போடறது நோரா? நீதானே நோகாம சொல்றவ."

"உங்க தம்பி மேல தப்பில்லைன்னு போடுங்க."

போட்டார். அந்த அம்மாள் பட்டனை அழுத்தினார். அந்த மாதம் முழுக்க மனதுக்கு இதமாக நடந்தது அது ஒன்றுதான்.

மார்ச் நடுவில் பனி உருகி வாசலில் சகதியாக ஓடியபோதும் திரை சிவப்பாகவே இருந்தது. பிளேர் ஒருநாள் டிபோர் மேசையில் பட்டர் டார்ட் ஒன்றை வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். அவர் இனிப்போடு வந்தால் கெட்ட சேதி என்று எல்லாருக்கும் தெரியும்.

"திருத்தவே வேணாம் டிபோர். உறுதி போட்டுட்டாப் போதுமே. உடையற ஒவ்வொரு வரியிலயும் ஒரு உறுதி. சோதனையும் உள்ள வரும், சிவப்பும் போகும். புதுசா எழுதறவங்களுக்கு ஓட்டை அடைஞ்சுடும். பழசை அப்புறம் ஒண்ணொண்ணா சரி பண்ணிக்கலாம். ஒரு கருவி எழுதினா ஒரே நாள்ல முடிஞ்சுடும்" என்றார்.

"உறுதின்னா பக்கத்துல பேர் வேணும்" என்றார் டிபோர்.

"வேணும்தான்."

"யார் பேரு?"

பிளேர் பட்டர் டார்ட்டைப் பார்த்தார். நான் என் திரையைப் பார்த்தேன். என் பெயரைப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த மாடியில் யாருமே சொல்லவில்லை. படிக்காத நிரலுக்குச் சாட்சி சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்? சொந்தக்காரர்களின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் போட முடியாது. பொய்ப்பெயரைப் போட்டால் கம்பைலர் ஏற்காது. அப்படி ஏற்காதபடி அதைக் கட்டியவர் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் பிளேர்.

டிபோர் மறுநாளும் அதற்கு மறுநாளும் கடிதங்களையே எழுதிப் பார்த்தார். பிறகு கருவியை எழுதினார். உடைகிற இடத்தைத் தேடிப் பிடித்து, உறுதி என்ற சொல்லைச் செருகி, பக்கத்தில் 'டிபோர் லகடோஷ்' என்று போட்டுக்கொண்டே போகும் கருவி. "நிரலை மாற்றவில்லை, ஒரு வரி சேர்க்கிறோம், பொறுப்பு எங்களுடையது" என்று எழுதிக் கேட்டதும், அத்தனை நாள் பதில் போடாதவர்களெல்லாம் ஓடிவந்து சம்மதம் கொடுத்தார்கள். அடுத்தவன் கையெழுத்துப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்பார்களா? வக்கீலும் சம்மதித்தார்.

கருவி ஓடியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். சிவப்பு மேலிருந்து பச்சையாக மாறிக்கொண்டே வந்தது. பிளேர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். டிபோர் திரையைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டை அடைஞ்சாச்சு டிபோர்" என்றேன்.

"அடைச்சது எதால தெரியுமா? என் பேரால. கோந்து மாதிரி."

கதவு சாத்தப்பட்டது. ஏப்ரலில் அவர் பிறந்தநாள் வந்தது. அந்த வருடம் எந்த மெழுகுவர்த்தி வாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் பிளேர் ஒரு பெட்டி டோனட் வாங்கி வைத்துவிட்டு ஒரு கூட்டம் இருப்பதாகப் போய்விட்டார். டிபோர் இழுப்பறையைத் திறந்து பூஜ்யத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் நான் அதைப் பொறுக்கி என் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கென்று இன்றைக்கும் தெரியாது.

கோடையில் முழுப் பதிப்பு வந்தது, ஊரெல்லாம் பாராட்டு. கூடவே டிபோருக்கு மெயில் வர ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு பண்ணையில் பால் கறக்கும் இயந்திரம் நின்றுவிட்டது, திரையில் உங்கள் பெயர் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டை அச்சாகவில்லை, உங்கள் பெயர் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், முன்பு இந்த நிரல்கள் தப்பான விடையைச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தன. இப்போது நின்று, தப்பு என்று சொல்லின. டிபோர் உலகத்துக்கு நல்லதுதான் செய்திருந்தார். ஆனால் நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன டாக்டரையே நோய் கொடுத்தவர் என்று அடித்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. அவர் ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு, அந்த நிரலைப் படித்து, திருத்தி அனுப்பி, அந்த உறுதியை எடுத்துவிடும்படி கெஞ்சுவார். பாதிப்பேர், "இப்பத்தான் ஓடுது, திரும்பக் கை வைக்காதீங்க" என்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் தன் திரையை என் பக்கம் திருப்பினார். லூன் கற்றுத்தருகிற ஏதோ ஒரு பக்கம். புதிதாக எழுதிய பக்கம், எங்கள் கருவி தொடாதது. அதில் இப்படி இருந்தது: 'பெட்டி சம்பந்தமாகக் கம்பைலர் தகராறு செய்தால், உறுதி டிபோர் லகடோஷ் என்று எழுதவும். சரியாகிவிடும்.'

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நிரல் எழுதுகிற எங்கள் ஆட்களின் குணம் இது. ஓடுகிற நிரலைக் கண்டால் ஏன் ஓடுகிறது என்று கேட்காமல் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். பழைய நிரல்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டியவர்கள், டிபோர் லகடோஷ் என்பது ஒரு மனிதரின் பெயர் என்றே நினைக்கவில்லை. அது மொழியில் உள்ள ஏதோ ஒரு சொல் என்று எடுத்துக்கொண்டார்கள். பதிவு செய்த பெயர்தானே, கம்பைலரும் ஏற்றுக்கொண்டது.

"ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்றாரு பாரு" என்று டிபோர் ஒரு வரியைக் காட்டினார். 'லகடோஷ் போடு, வாயை மூடிக்கும்.'

"இதைத் தடுக்கலாம். உங்க பேரை ஏத்துக்காதேன்னு கம்பைலர்ல ஒரு வரி எழுதிட்டா?"

"எழுதினா அத்தனை நிரலும் உடையும். இன்னிக்கு ஓடறது என்னிக்கும் ஓடும்னு வாக்குக் குடுத்திருக்கோம்."

அவர் எடுத்துப் போடுவது ஒன்று என்றால், அதற்குள் எங்கெங்கோ புதிதாக முளைப்பது ஒரு கூடை. எனக்குப் பொறுக்கவில்லை. நிரல் நிற்கும்போது திரையில் வரும் வாக்கியம் என்னுடையதுதானே என்று, பெயர் திரையில் வராதபடி மாற்றி எழுதினேன். எங்கள் வழக்கப்படி இன்னொருவர் படித்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் எதுவும் உள்ளே போகும். நான் பிளேரைக் கேட்டேன், டிபோர் முந்திக்கொண்டு படித்து நிராகரித்துவிட்டார்.

"ஏன்? உங்களுக்காகத்தானே செய்யறேன்" என்று கோபமாகவே கேட்டேன்.

"பேரை மறைச்சுட்டா, நிரல் நின்னுபோனவன் யாரைப் போய்க் கேப்பான்?"

"உங்களைக் கேட்டு என்னத்தைக் கண்டான்? நீங்க எழுதாத வரி அது. நீங்க போடாத உறுதி."

"என் பேரு இருக்கே, நோரா."

சில பேரிடம் நேர்மை ஒரு குணமாக இருக்கும், சில பேரிடம் அது வியாதியாக முற்றிவிடும். இவரிடம் எது எப்போது எதுவானது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இலையுதிர்காலத்தில் டொரொன்டோக்காரர்கள் பணத்தை நிறுத்தினார்கள். 'திசை மாற்றம்' என்று எழுதியிருந்தார்கள். பழையதை ஒன்றொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சும் அத்தோடு போயிற்று. பிளேர் ஒட்டாவாவில் ஒரு வங்கிக்குப் போனார். நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், பாலிசி காலாவதியானதை நோகாமல் சொல்லும் வாக்கியங்களை எழுதச் சேர்ந்தேன். டிபோர் எங்கும் சேரவில்லை. சமையல் மேசையில் உட்கார்ந்து தன் பெயரைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தார், சம்பளமில்லாமல். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் இளைத்திருப்பார். தங்கை அனுப்பும் ரொட்டி பிரிக்காமல் அடுக்கியிருக்கும். கடைசியில் தங்கை போனில் அழுது, நான் திட்டி, டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு காலை நான்தான் காரில் கூட்டிப்போனேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி. பனி உருக உப்புக் கொட்டிய நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பரிசோதனைக்கூடத்தின் உள்ளே கதவோரமாக ஒரு இயந்திரம் நிற்கும். மருத்துவ அட்டையை அதில் காட்டினால் நம்பர் சீட்டு வரும், அந்த நம்பர் வந்ததும் உள்ளே கூப்பிடுவார்கள். அன்றைக்கு அதன்முன் ஒரு கூட்டம் நின்றது. திரையில் நான் எழுதிய வாக்கியம் இருந்தது.

'மன்னிக்கவும். இங்கே வேறு வகைப் பொருள் வந்துவிட்டது. மேலே போவது பத்திரமில்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறேன். இந்த வரிக்கு உறுதி சொன்னவர்: டிபோர் லகடோஷ்.'

டிபோர் அதைக் கடைசி எழுத்துவரை படித்தார். "வாங்க, வேற இடத்துக்குப் போலாம்" என்றேன். அவர் நகரவில்லை.

பின்னல் தொப்பி போட்ட ஒரு கிழவர் கவுன்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, யாரு இந்த லகடோஷ்? வரச்சொல்லு அவனை. நேத்து ராத்திரியிலேர்ந்து காப்பி குடிக்கலை நான். அவன் ரத்தத்தை நானே எடுக்கறேன்."

அறை முழுக்கச் சிரித்தது. பட்டினியாக வந்தவர்கள் எல்லாரும். கவுன்டரில் இருந்த பெண்ணும் சிரித்துவிட்டு, "தெரியலைங்க ஐயா, போன வாரமும் இந்தாளுதான் படுத்தினாரு" என்றாள்.

"நான்தான்" என்றார் டிபோர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். கிழவர் அவர் தோளில் தட்டி, "பலே ஆளுய்யா நீ. பசி வேளையிலயும் தமாஷ் வருது பார்" என்றார். அவருக்கு டிபோரைப் பிடித்துப்போயிற்று. ஒரு அம்மாள் நகர்ந்து அவருக்கு நாற்காலியில் இடம்கூட விட்டாள்.

கவுன்டர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சரி. வாங்க சார், மெஷின் எந்திரிக்கிற வரைக்கும் நான் கையாலயே பதிஞ்சுக்கறேன். உங்க நிஜப் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

டிபோர் கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். அவள் அட்டையைப் பார்த்தாள், இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள், மறுபடி அட்டையை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் முதலில் நின்றது, பிறகு அறையில் ஒவ்வொருவராக நின்றது. கிழவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"உக்காருங்க சார். கூப்பிடறோம்" என்றாள் மெதுவாக.

"பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம்மா" என்றார் டிபோர். அவர் யாரிடமும் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு ஒரு நம்பர் குடுத்துடு. நம்பரைச் சொல்லிக் கூப்பிடு."

அவள் சங்கடமாக இயந்திரத்தைக் கைகாட்டினாள். "நம்பர் அதுலதான் வரும் சார். அது எந்திரிக்கிற வரைக்கும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

டிபோர் தலையாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்து நர்ஸ் வந்து அவருடைய பெயரைக் கூப்பிடுவதற்காக எல்லாரும் காத்திருந்தோம்.